‘வந்தது’ என்றொரு வினைச்சொல்

தமிழ் இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்கு அன்றாடப் பேச்சில் புழங்கும் சில வாக்கியங்கள் காதில் முள்ளாகத் தைப்பதுண்டு. ‘வட்ஸ்அப்பில் வந்தது’ என்பது அவற்றில் ஒன்று. எழுவாய் எது? செய்தி. பயனிலை எது? வந்தது. அனுப்பியவன் எங்கே? அவன் வாக்கியத்திலேயே இல்லை. மழை வந்தது, காய்ச்சல் வந்தது என்பது போல ஒரு செய்தியும் தானாகவே வந்துவிட்டது. கடிதம் வந்தது என்று சொன்ன காலத்திலும் இதே வினைதான் இருந்தது. ஆனால், அடுத்து எழுந்த கேள்வி ‘யாரிடமிருந்து?’ என்பதாக இருந்தது. இன்று அந்தக் கேள்வி எழுவதில்லை. அது ஏன் எழுவதில்லை என்பதைப் பற்றியே இங்கு எழுத நினைக்கிறேன். அதற்கு முன் என் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மே 13ஆம் திகதி எமது குருநாகல் மாவட்டத்தின் பல முஸ்லிம் ஊர்கள் தாக்கப்பட்டன. எமது ஊர் தப்பியது. தப்பிய ஊரின் பயம் வேறு விதமானது. அது இனித்தான் வரப்போகிறது என்று காத்திருக்கும் பயம். ஜூன் மாதத்தின் ஓர் இரவு, இஷாத் தொழுகைக்குப் பிறகு, குரல் பதிவொன்று எனது கையடக்கத் தொலைபேசிக்கு வந்தது. (பாருங்கள், நானும் ‘வந்தது’ என்றே எழுதுகிறேன்.) அழுகை கலந்த ஓர் ஆண் குரல். முஸ்லிம் ஊர்களுக்கு வரும் சூன் பாண் வண்டிகளில் விற்கப்படும் பணிஸில் ஏதோ கலந்திருக்கிறதாம். பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாமாம். எல்லோருக்கும் எத்திவைக்க வேண்டுமாம்.

எந்த ஊர், எந்த வண்டி என்று அதில் இல்லை. இல்லாததை நாம் நிரப்பிக்கொண்டோம். எமது ஊருக்கு வருவது ஒரே ஒரு வண்டிதான். அடுத்த சிங்களக் கிராமத்தைச் சேர்ந்த ஒருவர், பீத்தோவனின் மெட்டை ஒலிக்கவிட்டபடி முச்சக்கர வண்டியில் வருவார். (பீத்தோவன் இலங்கையின் கிராமங்களுக்குப் பாணோடுதான் வந்து சேர்ந்தார்.) ஏழெட்டு வருடப் பழக்கம். நோன்பு காலத்தில் காலையில் வராமல் அஸருக்குப் பின்னர் வருவதற்கு யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் அவரைப் பாண் மாமா என்றார்கள்.

நான் பதிவை முழுவதுமாகக் கேட்கக்கூட இல்லை. முன்னனுப்பும் அம்புக்குறியைத் தொட்டேன். ஐந்து உரையாடல்களுக்கு மேல் தெரிவுசெய்ய முடியாதென்று அது சொன்னது. அந்த எல்லை உலகம் முழுவதற்கும் அவ்வாண்டு ஜனவரியில்தான் விதிக்கப்பட்டிருந்தது. ஐந்து என்றதும் ஐந்தையும் நிரப்பினேன்: ஆசிரியர் குழு, பழைய மாணவர் குழு, மஹல்லாக் குழு, குடும்பக் குழு, இலக்கிய நண்பர் குழு. இதை வாசிப்பவர்களில் சிலர் அந்த ஐந்தாவதில் இருந்தீர்கள்.

உம்மா பக்கத்தில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டுவிட்டு, “இத யாரு மகன் சென்ன?” என்றார்.

“வட்ஸ்அப்புல வந்த உம்மா.”

“வந்தா? அதுக்கு உம்மா வாப்பா இல்லயா?”

நான் சிரித்துவிட்டேன். அடுத்த கிழமை பாண் வண்டியின் மெட்டு எமது தெருவில் கேட்கவில்லை. யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவுமில்லை. வாங்காமல் விட்டார்கள், அவ்வளவே. யாருக்கும் வயிற்று வலிகூட வரவில்லை. வேறு மாகாணங்களிலுள்ள நண்பர்களிடம் பேசியபோது அதே பதிவு அங்கும் உலவியதையும், ஒவ்வோர் ஊரும் அதைத் தன் ஊர் வண்டி என்றே நம்பியதையும் அறிந்தேன்.

இதிலே என்னை இன்றுவரை வெட்கப்படுத்துவது ஒன்றுண்டு. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் கறிக்குள் இருந்த ஒரு கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரளமாக வராத கடைக்காரர் கூட்டத்தின் நெருக்குதலில் ஏதோ சொல்லித் தலையாட்டியது ஒப்புதல் வாக்குமூலமாகக் காணொளியில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக் கட்டிதான் என்று பின்னர் அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. ஆணை மலடாக்கும் அப்படியொரு மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. அடுத்த மாதம் திகன, தெல்தெனிய, அக்குறணை என்று கண்டி மாவட்டம் எரிந்தபோது, மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் சுமார் ஒரு கிழமைக்கு முடக்கியது. அந்த நாட்களில் நான் வகுப்பில் மாணவருக்குச் சொன்னேன்: ‘ஒரு கட்டி மாவை நம்பி ஒரு சமூகத்தையே வெறுக்கிறார்களே, இவர்கள் படித்தவர்களா?’ பதினைந்து மாதங்கள் கழித்து அதே கதையைத் திருப்பிப் போட்டு, உணவில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஐந்து இடங்களுக்கு அனுப்பியவன் நான்.

நான் கெட்டவனா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் யோசிக்கத் தொடங்கினேன். அப்படி யோசிக்கையில், நான் ஒரு தேநீர்க் கடையில் நின்று அதே கதையை என் வாயால் சொல்லியிருப்பேனா என்று கேட்டுப்பார்த்தேன். சொல்லியிருக்க மாட்டேன். ‘யாரு சேர் சென்ன?’ என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். என் மனம் ஒன்றுதான், பயமும் ஒன்றுதான். தேநீர்க் கடையில் நாலு பேரும் நடுவில் நின்று கேட்டிருக்கக்கூடிய கேள்விதான் தொலைபேசியில் இல்லை.

நம் மரபில் அந்தக் கேள்விக்கு ஒரு பெயரிருக்கிறது: இஸ்னாத். ஆரம்பத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை என்றும், சமூகத்துக்குள் பித்னா ஏற்பட்ட பின்னரே அறிவிப்பாளர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்றும் தாபியீன்களில் ஒருவரான இப்னு ஸீரீன் (ரஹ்) சொன்னதாக இமாம் முஸ்லிம் தமது ஸஹீஹின் முன்னுரையில் பதிந்திருக்கிறார். நம்பிக்கை குலைந்த காலத்தின் கண்டுபிடிப்பு அது. ஹதீஸ் கிரந்தங்களைத் திறந்தால் செய்திக்கு முன்னர் மனிதர்கள் வருகிறார்கள். இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார், அவருக்கு இன்னார். செய்தி ஒரு வரி, பெயர்கள் இரண்டு வரி. சங்கிலியில் ஒருவர் மறதிக்காரர் என்றால் அந்தச் செய்தி பலவீனமானது. அதே முன்னுரையில்தான், காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் பரப்புபவனைப் பொய்யர் வரிசையில் சேர்க்கும் நபிமொழியும் இருக்கிறது. அவன் எதையும் இட்டுக்கட்டவில்லை, கேட்டதைத்தான் சொன்னான். ஆனாலும் பொய்யன்.

பேஸ்புக், டுவிட்டர், வட்ஸ்அப் என்பனவற்றின் கதையை இந்தக் கண்ணால் பார்த்தால் ஒன்று தெளிவாகும். டுவிட்டரில் – இன்று அதற்கு எக்ஸ் என்று பெயர் – ஆரம்ப வருடங்களில் ஒருவர் சொன்னதை மறுபடி சொல்வதற்குப் பொத்தான் இருக்கவில்லை. விரும்பியவர்கள் அதைப் பிரதி செய்து, முன்னால் ஓர் அடையாள எழுத்தும் சொன்னவரின் பெயரும் கைப்பட எழுதிப் போட்டார்கள். யாரும் கட்டளையிடாமல், பாவித்தவர்களே உண்டாக்கிக்கொண்ட ஒரு சிறிய இஸ்னாத் என்று அதைச் சொல்லலாம். எழுதும்போது கண் ஒருமுறை வாசகத்தின் மேல் ஓடும். 2009இல் அந்த நிறுவனம் அதை ஒரே தட்டில் முடியும் பொத்தானாக்கியது. பெயர் போகவில்லை, எழுதும் வேலைதான் போனது. அந்தப் பொத்தானை உருவாக்கும் குழுவை வழிநடத்திய கிறிஸ் வெதரெல் என்பவர், பத்து வருடங்கள் கழித்து, 2019இல், தாம் செய்ததைக் குழந்தையின் கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைக் கொடுத்ததற்கு ஒப்பிட்டு வருந்தினார்.

2020 அமெரிக்கத் தேர்தலின்போது அதே நிறுவனம் ஒரு சோதனை செய்தது. பொத்தானைத் தட்டினால், உன் கருத்தையும் ஒரு வரி எழுது என்று ஒரு பெட்டி திறக்கும். பகிர்தல் மொத்தத்தில் 20 வீதமளவு குறைந்தது. கருத்தெழுதிய பகிர்தல்கள் கூடின. ஆனால், அவ்வாறு கூடியவற்றில் 45 வீதமானவை ‘ஆம்’, ‘சரி’ என்ற வகையான ஒற்றைச் சொற்கள். டிசம்பரில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். வகுப்பறையில் கருத்தெழுதச் சொன்னால் ஒற்றைச் சொல்லில் விடை எழுதும் மாணவர்களை அறிந்த எனக்கு அது ஆச்சரியமளிக்கவில்லை. பிரம்பைக் கண்டு எழுதும் வரி அவ்வளவுதான்.

வட்ஸ்அப் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கு ஒருவர் முன்னனுப்பும்போது முதலில் எழுதியவரின் பெயர் அறவே உதிர்ந்துவிடும். ‘முன்னனுப்பப்பட்டது’ என்றொரு சிறு குறி மட்டும் 2018இல் சேர்ந்தது. என்ன வினை பாருங்கள்: செயப்பாட்டு வினை! எழுவாயை மறைக்க இலக்கணம் தந்த மிகப் பழைய வழி. நம் பாடசாலைகளுக்கு எதிராக வலயக் கல்விப் பணிமனைக்கு மொட்டைக் கடிதம் எழுதும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஆனால், மொட்டைக் கடிதக்காரன் தாள் வாங்கி, கையெழுத்தை மாற்றி எழுதி, முத்திரை ஒட்டி, பக்கத்து ஊர்த் தபால் பெட்டியைத் தேடிப் போகிறான். தான் செய்வது என்னவென்று அந்த வழியெல்லாம் அவனுக்குத் தெரிகிறது. முன்னனுப்புபவன் தனக்கே மொட்டையாகிவிடுகிறான்.

இது தவிர்க்க முடியாத ஒன்றல்ல. டெலிகிராம் செயலியில் முன்னனுப்பும் செய்தியின் தலையில் மூலவரின் பெயர் இயல்பாகவே நிற்கும்; மறைக்க விரும்புபவர் தாமாகச் சென்று அதை மாற்ற வேண்டும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள். ஒன்றில் பெயர் இருக்கிறது, மற்றதில் இல்லை. யாரோ ஒருவர் மேசையிலிருந்து அப்படித் தீர்மானித்திருக்கிறார். அதற்காக டெலிகிராமில் பொய் குறைவு என்று சொல்ல வரவில்லை. இலட்சக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் சொல்லும் வசதி அங்கிருக்கிறது, அதுவே போதும்.

பெயர் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்கையில், நண்பரொருவர் இடைமறித்தார். ‘பெயர் போட்டு எழுதியதால் என்ன நடந்ததென்று மறந்துவிட்டீரா?’ என்றார். மறக்கவில்லை. கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் தமது கவிதைத் தொகுதிக்காகக் கைதாகி, 2021 டிசம்பரிலேதான் பிணையில் வெளியே வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. பெயருக்கு விலை இருக்கிறது, அந்த விலையைச் சிறுபான்மையினரே முதலில் கொடுக்கிறார்கள். இந்திய அரசாங்கம் 2021இல் முதல் அனுப்புநரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்தபோது, வட்ஸ்அப் நிறுவனம் டில்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றதையும் நான் நியாயமென்றே கருதுகிறேன். ஆனால், இஸ்னாதைக் கேட்டது ஆட்சியாளனா? இல்லை. கேட்டவன் கேட்பவன்தான். ஹதீஸைச் செவிமடுக்க வந்த மாணவன், ஏற்பதற்கு முன்னர் கேட்டான். உம்மா கேட்டதும் அதைத்தான். பொலிஸுக்குப் பெயர் தெரிய வேண்டுமென்பது வேறு; தெரியாத பெயரின் செய்தியை நான் தூக்கிச் செல்லாதிருப்பது வேறு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேஸ்புக்கில் 2016இல் கோபம், கண்ணீர், சிரிப்பு என்று முகக் குறிகள் வந்தன. அடுத்த வருடம் அந்த நிறுவனம் எந்தப் பதிவை மேலே காட்டுவது என்று கணக்கிடுகையில் ஒரு முகக் குறிக்கு விருப்பக் குறியைப் போல ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்தது. கோப முகத்துக்கும் ஐந்து. ஒரு சிங்கள இளைஞன் எம்மைப் பற்றிய பொய்யொன்றைக் கண்டு கோபிக்கிறான், அதே பொய்யைக் கண்டு நானும் கோபித்து அதே முகத்தைத் தட்டுகிறேன். இருவரும் சேர்ந்து அந்தப் பொய்யை மேலே தள்ளினோம்! கோப முகம் பெற்ற பதிவுகளில் பொய்த் தகவல் கூடுதலாக இருப்பதை அவர்களுடைய ஆய்வாளர்களே கண்டனர். 2020 செப்டெம்பரில் கோபத்தின் பெறுமதி பூச்சியமாக்கப்பட்டது. இந்த விபரமெல்லாம் 2021இல் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் எமக்குத் தெரிந்தது. அதாவது, 2018 மார்ச்சில் எமது கோபத்துக்கும் புள்ளி போடப்பட்டுக்கொண்டிருந்தது, எமக்கே தெரியாமல்.

‘கத்தி என்ன செய்யும், பிடித்தவன் கையைப் பார்’ என்று சொல்பவர்களுண்டு. ஜும்ஆப் பிரசங்கங்களில் இது அடிக்கடி வரும் உவமை. எனக்கு அதில் திருப்தியில்லை. எந்தக் கத்தி வெட்டுக்குப் புள்ளி போடுகிறது? இந்தியாவில், மஹாராஷ்டிராவின் தூலே மாவட்டத்தில் 2018 ஜூலை 1ஆம் திகதி, பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியால் ஐந்து நாடோடிகள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னரே, அந்நாட்டில் முன்னனுப்பலுக்கு ஐந்து என்ற எல்லை வந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அவ்வாறான செய்திகளின் பயணம் 70 வீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. ஒரே மாதத்தில் உலகத்தின் மனங்கள் 70 வீதம் தூய்மையாகிவிட்டனவா? பிடித்த கை அதுவேதான். பிடியை மாற்றினார்கள்.

அப்படியாயின் அந்தக் குறைந்த 70 வீதம் என்ன? நன்மையா? நிய்யத் இல்லாமல், கைக்கு எட்டாததால் செய்யாத பாவத்துக்கு யாருக்குக் கூலி? ஷரீஅத்தில் தீமைக்கு இட்டுச்செல்லும் வழிகளை அடைப்பதற்கு ஸத்துத் தராஇஃ என்று ஒரு கொள்கையே இருக்கிறது. வழியை அடைப்பது சமூகத்தைக் காக்கும். அடைத்த வழிக்கு முன்னால் நிற்பவனின் உள்ளத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஐந்து என்ற எல்லை எனக்கு என்ன செய்ததென்று பார்த்தேனே: தடை என்று வைத்ததை நான் பங்கு என்று எடுத்துக்கொண்டேன். எல்லையே இல்லாதிருந்தால் இரண்டோடு நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

ஆகவே, குற்றம் யாருடையது? 2018 கலவரத்தில் தமது தளம் தவறாகப் பாவிக்கப்பட்டதற்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது ஒரு சிறு நிம்மதி எனக்குள் எழுந்ததை மறைக்க மாட்டேன். பெரியவன் ஒப்புக்கொண்டான், என் பங்கு குறைந்தது என்பது போல. ஆனால், ஸூரத்துந் நூரில் அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீதான அவதூறு பற்றி வரும் இடம் இந்தக் கணக்கை ஏற்பதாயில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் அவர் சம்பாதித்தது உண்டு. அதில் பெரும் பங்கெடுத்தவனுக்குப் பெரிய வேதனையும் உண்டு. அவனுடையது பெரிதாக இருப்பதால் மற்றவருடையது சிறிதாவதில்லை. பரோட்டாவைப் போலப் பிய்த்துப் பங்கிடும் பொருளல்ல அது. மேலும், அந்த மக்கள் செய்தியை நாவால் வாங்கினார்கள் என்ற கருத்தில் அங்கே சொல்லப்படுகிறது. செய்தியைக் காதால்தானே வாங்குவோம்? காதுக்கும் வாய்க்கும் இடையே ஒன்றுமே நடக்காதபோது அப்படிச் சொல்லலாம் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். நான் அந்தப் பதிவைப் பெருவிரலால் வாங்கினேன்.

மறுநாள் காலை அழிக்கப் பார்த்தேன். ‘எல்லோருக்கும் அழி’ என்பதற்கு அப்போது ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகவே அவகாசம் இருந்தது. (2022இல் இரண்டரை நாட்களாக்கினார்கள்.) அது கடந்திருந்தது. ‘எனக்கு அழி’ என்பது மட்டும் இருந்தது. அடியானின் உரிமையோடு சம்பந்தப்பட்ட பாவத்துக்கு அவனிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பர். புறம் பேசியதைப் பொறுத்தவரை, சொல்வதால் பெரிய கேடு வருமானால், பேசிய அதே சபைகளில் அவரைப் பற்றி நன்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற கருத்தும் உலமாக்களிடம் உண்டு. எனக்கு வசதியானது இரண்டாவது. இரண்டு கிழமை கழித்து ஐந்து குழுக்களிலும், நான் அனுப்பியது பொய், ஆராயாமல் அனுப்பினேன், பாண்காரர் நல்ல மனிதர் என்று என் பெயரோடு எழுதினேன். மூன்று பேர் பெருவிரல் காட்டினார்கள். ஒருவர் ‘ஜஸாகல்லாஹ்’ என்றார். அதை யாரும் எங்கும் முன்னனுப்பியதாகத் தெரியவில்லை.

2022 ஜூலையில், பெற்றோல் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற முச்சக்கர வண்டியில் அவர் இருந்தார். வண்டியில் பாண் பெட்டி இல்லை. வாடகைக்கு ஓடுவதாகச் சொன்னார். இரவு முழுவதும் பக்கத்தில் இருந்தோம். ஒரு கட்டத்தில் அவரே சிங்களத்தில் ஆரம்பித்தார். ‘சேர், அந்த நேரம் உங்கள் ஊர் ஆட்கள் ஒரே கிழமையில் எல்லோரும் என் கடன் கொப்பியைத் தீர்த்துவிட்டார்கள். ஒரு ரூபாய்கூட மிச்சம் வைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இனி வர வேண்டாம் என்கிறார்கள் என்று. ஆனால் ஏன் என்று மட்டும் விளங்கவில்லை. என்ன நடந்தது சேர்?’

“கதாவக் ஆவா” என்றேன். ஒரு கதை வந்தது.

சிங்களத்திலும் அந்த வினைக்கு அனுப்பியவன் தேவைப்படவில்லை. அவர் தலையை ஆட்டினார், எந்தக் கதை என்று கேட்கவில்லை. வரிசை இரண்டு வண்டித் தூரம் நகர்ந்தது. எரிபொருளை மிச்சம் பிடிக்க அவர் இறங்கி வண்டியைத் தள்ளினார். நானும் பின்னால் கை கொடுத்தேன்.

அவருடைய வீடு இங்கிருந்து நான்கு கிலோமீற்றர். இன்னும் போகவில்லை. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.